வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் முதலாளியின் விருப்பம் மட்டுமா?

"அவையின்ர கடை, அவையின்ர விருப்பம். நாங்கள் என்ன சொல்லேலும், சுவாமி?"

2012ஆம் ஆண்டில் ஒரு தாய் என்னிடம் சொன்ன வார்த்தை இது. அயல் நகரத்துப் பெரிய கடையொன்றிலே விற்பனைக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்த அறிவித்தலைக் கண்டு அவருடைய மகள் போயிருந்தாள். நிரந்தர முகவரி கேட்டார்கள். தங்கியிருக்கும் இடத்தைச் சொன்னாள். "அது தற்காலிகக் கொட்டில்தானே, சொந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். சொன்னாள். கேட்டவரின் முகம் மாறியதாம். அதன்பின் க.பொ.த. சாதாரணதரப் பெறுபேற்றின் மூலப்பிரதியைக் கேட்டார்கள். 2009இல் உடுத்த உடையோடு வெளியேறி வந்த பிள்ளையிடம் அது எப்படி இருக்கும்? "பிறகு அறிவிப்போம்" என்றார்கள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற, அவளைப் போலவே படித்த நகரத்துப் பெண்ணொருத்திக்கு அன்றைக்கே வேலை கிடைத்தது.

நான் குருவாகி அப்போது அதிக காலம் ஆகவில்லை. "வேறு இடத்திலே பார்ப்போம் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தத் தாய் கேட்டது உண்மையாகவே ஒரு கேள்வி என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது. கடை அவர்களுடையது என்றால், யாரை எடுப்பது, யாரை விடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர்களுடைய விருப்பம் மட்டுந்தானா? சட்டம் எங்கேயாவது குறுக்கே நிற்கின்றதா? இக்கட்டுரை அந்தத் தாய்க்குக் காலந்தாழ்த்தி எழுதப்படும் பதில்.

தோட்டமும் வயலும் செய்த குடும்பங்களுக்கு இது பழக்கமில்லாத கேள்வி. சொந்தக் காணியில் நிற்பவனை யாரும் வேலைக்கு எடுப்பதுமில்லை, நிறுத்துவதுமில்லை. மழையும் சந்தை விலையும்தான் அவனுக்கு முதலாளி. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் வெறுமையானபோது நான் பதினைந்து வயதுப் பையன். அதுவரை வெங்காயம் செய்த என் தகப்பனார், அடுத்த மாதமே தென்மராட்சியிலே இன்னொருவருடைய காணியில் கூலிக்கு நின்றார். "நாளைக்கு வா" என்ற ஒரு சொல்லுக்காக மாலையில் அவர் காத்துநின்றதை நான் கண்டிருக்கின்றேன். காணியை இழந்தவனுக்குப் பின்னர் மிஞ்சுவது உழைப்பு ஒன்றே. அதை விற்கப் போகுமிடத்தில் என்ன சட்டம் உண்டு என்பதை அவன் அறிந்திருப்பது, மண்ணின் தன்மையை அறிந்திருப்பதைப் போலவே அவசியமானது.

எந்த வேலைக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. உள்ளே போகும் வாசல் ஒன்று, வெளியே அனுப்பும் வாசல் ஒன்று. இலங்கைச் சட்டம் இவ்விரண்டையும் ஒரேமாதிரிக் காவல் செய்யவில்லை. நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுவே.

வெளியே அனுப்பும் வாசல்

இந்த வாசலில் காவல் பலமாக உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், அதாவது வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் தொடர்பான விசேட ஏற்பாடுகள் சட்டம், ஆசியாவிலேயே கடுமையான வேலைநீக்கச் சட்டங்களில் ஒன்றாகப் பேசப்படுவது. ஒழுக்காற்றுக் காரணம் எதுவுமின்றி, "வியாபாரம் குறைந்துவிட்டது, நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று ஒரு முதலாளி தன் எண்ணப்படி சொல்லிவிட முடியாது. ஒன்றில் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். இரண்டுமின்றி நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. மீண்டும் வேலையில் அமர்த்தும்படியோ நட்டஈடு கொடுக்கும்படியோ ஆணையாளர் கட்டளையிடலாம். களவு, கைகலப்பு போன்ற ஒழுக்கக் குற்றத்துக்காக நிறுத்துவதென்றால் இந்த அனுமதி தேவையில்லை. ஆனால் நிறுத்தியதற்கு அடுத்த இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்திலே தரவேண்டும்.

"எழுத்துமூலச் சம்மதம்" என்ற சொற்களைச் சற்றுக் கவனியுங்கள். சட்டம் திறந்துவைத்த அந்தச் சிறு இடைவெளியினூடாகத்தான் பெரும்பாலான அநியாயம் நடைபெறுகின்றது. "இதிலே ஒரு கையெழுத்து வை, சம்பளத்தைத் தருகிறோம்" என்று ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிய ஒரு தாளை நீட்டுவார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை கையெழுத்து வைக்கும். அது தானாக விலகுகின்றேன் என்ற கடிதமாக இருக்கும். அப்படி ஒப்பமிட்ட பின்னர் எங்களிடம் வந்த மூன்று நான்கு பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காக வாதாடுவது, விதைத்த பின் வேலி தேடுவதைப் போன்றது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. இச்சட்டம் எல்லாத் தொழிலாளரையும் தழுவவில்லை. முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறைந்தவர்களை வைத்திருந்த முதலாளிக்கு இது பொருந்தாது. 180 நாட்கள் வேலை செய்யாத தொழிலாளிக்கும் பொருந்தாது. அரச திணைக்களங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் முதலியனவும் இதற்கு வெளியே. நமது மக்கள் எங்கே வேலை செய்கின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாலு பேர் நிற்கும் பலசரக்குக் கடை, ஆறு பேர் நிற்கும் அரிசி ஆலை, மேசனோடு கூடிப்போகும் கட்டட வேலை, சூடடிப்புக் காலத்து வயல். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இவர்கள்மேல் விழுவதில்லை. ஆடைத் தொழிற்சாலைகளிலும் பெரிய விற்பனை நிலையங்களிலும் நிற்கும் நமது பிள்ளைகள்மேல்தான் விழுகின்றது, அதுவும் ஆறு மாதம் தாண்டியபின்.

சிறிய இடங்களில் நிற்பவர்களுக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்கீழ் தொழில் நியாய சபை இருக்கின்றது. முதலாளியிடம் எத்தனை பேர் வேலைசெய்தாலும், ஒருவரே வேலைசெய்தாலும், நியாயமின்றி நிறுத்தப்பட்டவர் அங்கே விண்ணப்பிக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் இருக்கவேண்டும் என்பதில்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே என்று சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. அங்கத்தவராயிருந்தால் தொழிற்சங்கம் அவர் சார்பிலே விண்ணப்பிக்கலாம். நியாயமும் ஒப்புரவுமான கட்டளை எதுவோ அதை வழங்கும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. ஆனால் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். ஆணையாளரிடம் முறையிடுவதற்கும் அதே ஆறு மாதந்தான். "அறுவடை முடியட்டும், பார்ப்போம்" என்று இருந்து காலத்தைத் தவறவிட்டவர்கள் பலர்.

உள்ளே போகும் வாசல்

அந்தத் தாயின் மகள் இந்த வாசலில்தான் நின்றாள்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்கின்றது. பிறந்த இடம் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி, அரசாங்கத்தின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராக மட்டுமே திறந்திருக்கின்றது. ஒரு பிரதேச செயலகமோ திணைக்களமோ ஊரைக் கேட்டுவிட்டு வேலை மறுத்தால், ஒரு மாதத்துக்குள் மனுச் செய்யலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கிற் சேராது. தனியார் கடையொன்று மறுத்தால் இந்தக் கதவு இல்லை.

அதே உறுப்புரையில் இன்னொரு வரி உண்டு. கடைகள், உணவகங்கள், விடுதிகள் போன்றவற்றுக்குள் செல்வதற்கு இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவருக்கும் தடை விதிக்கலாகாது என்கின்றது அது. அதாவது, சவர்க்காரம் வாங்கப் போகும் பெண்ணைப்பற்றி அரசியலமைப்பு சிந்தித்திருக்கின்றது. அதே கடையில் சவர்க்காரம் விற்கும் வேலை கேட்டுப் போகும் பெண்ணைப்பற்றி அந்த வரியில் ஒன்றும் இல்லை.

தொழிலிலும் உத்தியோகத்திலும் பாரபட்சத்தை ஒழிக்கவேண்டும் என்ற சர்வதேசத் தொழில் தாபனத்தின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்று ஒப்பமிட்டது. ஏற்றபின் நாட்டிலே அதற்கொத்த சட்டம் செய்யவேண்டும். தனியார்துறையில் ஆட்சேர்ப்பு முழுவதையும் தழுவும் பொதுச் சட்டம் ஒன்று இதுவரை வரவில்லை.

முழுவதும் வெறுமை என்று சொல்வதும் தவறு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில காவல்கள் உண்டு. 1957ஆம் ஆண்டின் சமூக இயலாமைகள் தடுப்புச் சட்டம், சாதியைக் காரணம் காட்டி ஒருவர் பாடசாலையிற் சேர்வதையோ சட்டபூர்வமான தொழில் செய்வதையோ தடுப்பதைக் குற்றமாக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் ஊனத்தைக் காரணமாகக் கொண்டு வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கண்ணிவெடியிலும் எறிகணையிலும் காலையும் கையையும் இழந்த இத்தனைபேர் வாழும் மாகாணத்தில் இச்சட்டத்தைப்பற்றி நாம் பேசுவதே இல்லை. கர்ப்பம் காரணமாக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துவதை மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக நிறுத்துவதை 1999ஆம் ஆண்டுத் திருத்தமொன்று தடுக்கின்றது. ஆயினும் "நீ எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு முகம் மாறும் தனியார் முதலாளியின்முன் இவை எதுவும் பயன்படுவதில்லை.

ஆகவே அந்தத் தாய்க்குச் சட்டப்படி நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் கசப்பானது. அவருடைய மகளை உள்ளே எடுத்து ஏழு மாதம் வைத்திருந்து பின்னர் விரட்டியிருந்தால் நமக்கு வழக்கு உண்டு. வாசலிலேயே திருப்பி அனுப்பியபடியால் ஒன்றுமில்லை.

முதலாளியின் பக்கம்

முதலாளிமாரைத் திட்டுவதோடு இந்த விடயத்தை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அவர்களோடும் பேசியிருக்கின்றேன். ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார்: "சுவாமி, எடுத்தால் விடேலாது எண்டால், தெரிஞ்ச ஆளைத்தானே எடுப்பன்?" இதிலே ஓர் உண்மை உண்டு. வெளியே அனுப்பும் வாசல் இறுகினால், உள்ளே போகும் வாசலில் முதலாளி அதிகம் யோசிக்கின்றான். உறவினனை எடுக்கின்றான், தன் ஊரவனை எடுக்கின்றான், தெரிந்தவர் கூட்டிவந்தவனை எடுக்கின்றான். ஊரைவிட்டு வந்தவனுக்கோ சிபாரிசு செய்ய அந்த நகரத்தில் ஆளில்லை. பதினான்கு பேரோடு நின்றுவிட்டுப் பதினைந்தாவது ஆளை எடுக்காதவர்களும் உண்டு. ஐந்து மாதம் வைத்திருந்து நிறுத்திவிட்டு, சில வாரங்களின் பின் புதிதாக எடுப்பதுபோல் எடுப்பவர்களும் உண்டு. ஆள்வழங்கும் முகவர்மூலம் எடுத்து, "இவர்கள் எங்களுடைய ஆட்களே அல்ல" என்று சொல்பவர்களும் உண்டு.

அதனால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்தினால் எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்று வாதாடுவோர் இருக்கின்றார்கள். 2023இல் தொழிற்சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கும் யோசனையைத் தொழில் அமைச்சு முன்வைத்தபோதும் இந்தச் சர்ச்சை எழுந்தது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வெளிவாசலைத் தளர்த்துவதால் உள்வாசல் தானாக நீதியாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. வெளிவாசல் முற்றாகத் திறந்திருக்கும் ஒரு நாட்டிலே என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அமெரிக்காவில் தலைகீழ்

ஐக்கிய அமெரிக்காவில் தனியார்துறைத் தொழிலாளியை நல்ல காரணத்துக்காகவோ கெட்ட காரணத்துக்காகவோ காரணமே இல்லாமலோ நிறுத்தலாம் என்பதே பொது விதி. ஆணையாளரின் அனுமதி என்ற பேச்சே இல்லை. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்கள் வேறு. 1987இல் தனியாகச் சட்டம் செய்த மொன்டானா என்ற மாநிலமும் வேறு. முதலாளியின் சுதந்திரம் இவ்வளவு விரிந்திருந்தும், கறுப்பின மக்களுக்கு உள்வாசல் திறக்கவில்லை. சுலபமாக நிறுத்தலாம் என்பதற்காக அவர்களை எவரும் தேடி எடுக்கவில்லை. அதற்குத் தனியாகப் போராடவேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம், இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு ஆகிய காரணங்களுக்காக வேலை மறுப்பதையும் வேலையிலிருந்து நிறுத்துவதையும் தடைசெய்தது. 1972இற்குப் பின்னர் அது 15 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் இடங்களுக்குப் பொருந்துகின்றது. நமது சட்டத்திலும் அவர்களது சட்டத்திலும் அதே பதினைந்து! சிறிய கடையில் நிற்பவன் அங்கேயும் வேலிக்கு வெளியேதான்.

ஆகவே அங்கே முதலாளி எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தலாம், சட்டம் விலக்கிய சில காரணங்களைத் தவிர. இங்கே அனுமதியின்றி நிறுத்தமுடியாது, ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காமல் விடலாம். அவர்கள் உள்வாசலைக் காவல் செய்து வெளிவாசலைத் திறந்துவிட்டார்கள். நாம் வெளிவாசலைக் காவல் செய்து உள்வாசலை மறந்துவிட்டோம். இந்த இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. இரு வாசலுக்கும் காவல் வைத்த நாடுகள் ஐரோப்பாவிலே பல உண்டு.

நமது பிள்ளைகளுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு வழக்கும் அங்கே உண்டு. வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்ற மின்சாரக் கம்பனியின் நிலையமொன்றில் ஐந்து பிரிவுகள் இருந்தன. கறுப்பினத்தவர் ஒரேயொரு பிரிவில், கூலி வேலைப் பிரிவில் மட்டும் வைக்கப்பட்டிருந்தனர். அந்தப் பிரிவின் மிகக்கூடிய சம்பளம், மற்றப் பிரிவுகளின் மிகக்குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. 1964ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் கம்பனி நிறத்தைப்பற்றிப் பேசுவதை நிறுத்தியது. மற்றப் பிரிவுகளுக்குப் போகவேண்டுமானால் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் வேண்டும், அல்லது சில எழுத்துப் பரீட்சைகளிற் சித்தியடைய வேண்டும் என்றது. எல்லோருக்கும் ஒரே விதிதானே என்றது.

அந்த மாநிலத்தில் 1960ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, உயர்நிலைப் பாடசாலையை முடித்த வெள்ளையின ஆண்கள் 34 வீதம். கறுப்பின ஆண்கள் 12 வீதம். தரக்குறைவான பாடசாலைகளில் அவர்களைப் பிரித்து வைத்திருந்ததும் அதே சமூகந்தான். அத்துடன், சான்றிதழ் இல்லாமலே முன்னர் சேர்ந்த வெள்ளையினத் தொழிலாளர் அந்த வேலைகளைக் குறைவின்றிச் செய்துகொண்டிருந்தனர். அப்படியானால் அந்தச் சான்றிதழ் வேலைக்குத் தேவையானதா, ஆட்களைக் கழிப்பதற்குத் தேவையானதா? 1971இல், நமது 45ஆம் இலக்கச் சட்டம் வந்த அதே ஆண்டில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்த்தது. விதி பார்வைக்கு எல்லோருக்கும் சமமாக இருந்தாற் போதாது. ஒரு பகுதியாரை அது வெளியே தள்ளுமானால், அந்த வேலைக்கு அது உண்மையாகவே தேவை என்பதை முதலாளி காட்டவேண்டும். தள்ளும் எண்ணம் அவன் மனதில் இருந்ததா என்பது முக்கியமல்ல.

இதை நமது கடை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். நிரந்தர முகவரி வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒரே விதி. மூலப்பிரதி வேண்டும் என்பதும் ஒரே விதி. இவ்வூரில் இருவர் நற்சான்று தரவேண்டும் என்பதும் ஒரே விதி. ஆனால் இவை ஒவ்வொன்றிலும் தடக்கி விழுவது ஊரை இழந்தவன் மட்டுமே. துணி மடித்து வைப்பதற்கும் விலைச்சீட்டு அடிப்பதற்கும் நிரந்தர முகவரி எதற்கு? களவு போனால் ஆளைப் பிடிக்கவேண்டும் என்பார்கள். தேசிய அடையாள அட்டையும் கிராம அலுவலரின் கடிதமும் அதற்குப் போதாதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நீதிமன்றத்தில் இன்று கேட்கமுடியாவிட்டாலும் கடைக்காரரிடம் கேட்கலாம். நான் கேட்டிருக்கின்றேன். இரண்டு பேர் விதியை மாற்றினார்கள். மற்றவர்கள் தேநீர் தந்து அனுப்பினார்கள்.

மனதிலிருப்பதை எப்படி நிரூபிப்பது என்ற பிரச்சினைக்கு வட அயர்லாந்து வேறொரு வழி கண்டது. அங்கே பெயரையும் படித்த பாடசாலையையும் கேட்டால் ஒருவர் கத்தோலிக்கரா புரட்டஸ்தாந்தரா என்பது தெரிந்துவிடும். கத்தோலிக்க ஆண்கள் வேலையற்றிருப்பது மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. 1976இல் ஒரு சட்டம் வந்து போதிய பலன் தராமற்போக, 1989இல் இன்னொன்று வந்தது. பத்துப் பேருக்கு மேற்பட்ட இடங்களெல்லாம் தமது ஊழியரில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்ற நிலை அதனால் உண்டானது. எவனையும் பொய்யன் என்று சொல்லவேண்டியதில்லை, எண்ணினால் போதும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

நமது வயலிலும்

இவ்வளவையும் எழுதும்போது ஒன்று உறுத்துகின்றது. நம்மிற் பலர் இடம்பெயருமுன் கூலி கொடுத்தவர்கள். ஒரே வரம்பில், ஒரே வெயிலில் நின்று களைபிடுங்கிய பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி கொடுத்தோம். "பொம்பிளையளுக்கு அவ்வளவுதான்" என்பதைத் தவிர வேறு காரணம் நம்மிடம் இருக்கவில்லை. பெருந்தோட்டங்களிலே ஆண் பெண் கூலி வேறுபாடு 1984இல் நீக்கப்பட்டது. நமது வயல்களிலே அது இன்னும் பல இடங்களில் தொடர்கின்றது. சாதி பார்த்து வேலைக்குக் கூப்பிட்டோம், சாதி பார்த்து முற்றத்தோடு நிறுத்தினோம். தேநீரை வேறு பேணியில் ஊற்றிக் கொடுத்த வீடுகளில் என்னுடைய பாட்டனார் வீடும் ஒன்று. எங்கள் வயல், எங்கள் விருப்பம் என்றுதான் அன்றைக்கு நாங்களும் எண்ணினோம். மீளக்குடியேறி மறுபடி கூலிக்கு ஆள் பிடிக்கும் குடும்பங்கள் அடுத்த போகத்திலேயே கூலியைச் சமப்படுத்தலாம். அதற்கு எந்தச் சட்டமும் வரத் தேவையில்லை.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

வேலைக்குப் போகும் முதல் நாளிலிருந்தே எழுத்துச் சாட்சி சேர்க்கவேண்டும். கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலைசெய்வோருக்கு வேலை விபரங்களை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். நியமனக் கடிதம் தராவிட்டால் பணிவாகக் கேளுங்கள். கேட்கப் பயமாயிருந்தால், வேலைக்குச் சென்ற நாட்களையும் பெற்ற சம்பளத்தையும் ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதிவையுங்கள். 180 நாள் வழக்குகள் சிலவேளைகளில் ஒரு பள்ளிக் கொப்பியினாலேயே நிமிர்ந்து நிற்கின்றன.

ஊழியர் சேமலாப நிதியைப்பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்துவது. ஒரேயொரு தொழிலாளி இருந்தாலும், அவர் தற்காலிகமானவர் என்று சொல்லப்பட்டாலும், அது முதல் நாளிலிருந்தே கட்டப்படவேண்டும். முதுமைக்கான பணம் என்பதோடு, "இவர் எங்களிடம் வேலைசெய்யவில்லை" என்று முதலாளி மறுக்கும் நாளில் அதுவே உங்கள் சாட்சி. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வாசிக்கமுடியாத தாளில் ஒப்பமிடாதீர்கள். "வீட்டிலே காட்டிவிட்டு நாளைக்குத் தருகின்றேன்" என்று சொல்லுங்கள். நிறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள், கூடுமானால் அந்த வாரத்திலேயே, மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஏற்றுக்கொண்டதற்கான திகதியிட்ட பற்றுச்சீட்டைப் பெறாமல் திரும்பாதீர்கள்.

உள்வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால், என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், யாரை எடுத்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதிப் பங்கு அலுவலகத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கொடுங்கள். வழக்குப் போட அல்ல. எண்ணிவைப்பதற்காக. சட்டம் கேட்டுப் போகும் நாளில் நமது கையில் அந்தக் கணக்கு இருக்கவேண்டும்.

பெறுபேற்றுப் பத்திரம் தொலைந்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து மீளப் பெறலாம். சுட்டெண் மறந்திருந்தால் பரீட்சை எழுதிய ஆண்டையும் பாடசாலையையும் குறிப்பிடுங்கள். அந்தத் தாயின் மகளுக்கு அவ்வாறுதான் பெற்றுக்கொடுத்தோம். பத்திரம் வந்துசேர்ந்தபோது கடையில் வேலை காலியாக இருக்கவில்லை. அவள் ஆடைத் தொழிற்சாலையொன்றுக்குப் போய்விட்டாள். அங்கே சேர்ந்த முதல் மாதத்திலேயே தன் நியமனக் கடிதத்தைப் பிரதி எடுத்துத் தாயிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அது இன்னும் அவருடைய தகரப் பெட்டியில் இருக்கின்றது.